ஊரைக் காலி பண்ணின மாணவர்கள்

கண்ணை மூடிட்டே கேளு, தங்கம். ரொம்ப காலம் முன்னாடி, இத்தாலியில ஒரு ஊர்ல ரெய்னர்னு ஒருத்தன் படிச்சிட்டிருந்தான். ஜெர்மனியிலேருந்து பனிமலையெல்லாம் தாண்டி, கழுதை மேல டொக்கு டொக்குன்னு வந்தவன். எதுக்கு? சட்டம் படிக்க. அப்போ காலேஜ் கட்டடமெல்லாம் ஏது? தெபால்தோன்னு ஒரு வாத்தியார், அவர் வீட்டுக் கூடத்துல வைக்கோலைப் பரப்பி உக்காந்து படிப்பாங்க. ம் கொட்டு... ஆங்.

ஒரு நாள் எவனோ ஒரு ஜெர்மன்காரன் குடிச்சிட்டு, ஊர்த்தலைவர் வீட்டு ஜன்னலை மடார்னு உடைச்சிட்டு ஓடிட்டான். சேவகருங்க யாரைப் புடிச்சாங்க தெரியுமா? ரெய்னரோட சிநேகிதன் வில்பர்ட்டை! "அவனும் ஜெர்மன், நீயும் ஜெர்மன். நட!" வெளியூர்க்காரங்களுக்கு அங்கே அப்படித்தான் நியாயம்.

ரெய்னர் தலைவர்கிட்ட தனியா போனான். "வில்பர்ட் ஒண்ணும் பண்ணலீங்க."

"பேசினா நீயும் உள்ளே!" கதவு டமார்.

அப்புறம் ஜெர்மன் பசங்களைக் கூட்டிட்டுப் போனான். "அடடே, புடிக்க இத்தனை பேர் இருக்காங்களா!"ன்னார் தலைவர். பசங்க தடதடன்னு திரும்பி ஓடியே வந்துட்டாங்க.

அப்போ ரெய்னர் பிரான்ஸ்காரன், இங்கிலாந்துக்காரன், ஸ்பெயின்காரன் எல்லாரையும் கூப்பிட்டான். "இன்னிக்கு அவன், நாளைக்கு நீ."

"உங்க பாஷையே எனக்குப் புரியாதே!"ன்னான் ஒருத்தன்.

"வகுப்புல லத்தீன் புரியுதுல்ல? அதுல பேசுவோம்."

கையடிச்சு சத்தியம் பண்ணிக்கிட்டாங்க. அந்த மாதிரி கூட்டத்துக்கு லத்தீன்ல இருந்த பேருதான் இன்னிக்கு யூனிவர்சிட்டி ஆயிருக்கு.

மறுநாள் காலையில மூட்டையைத் தூக்கிட்டு எல்லாரும் ஊரை விட்டே கிளம்பிட்டாங்க. வாத்தியாரும் பின்னாலேயே ஓடினார். "இருங்கப்பா! நான் சுவத்துக்கா பாடம் நடத்துறது?"

ஊர் கப்சிப். ரொட்டி வாங்க ஆளில்லை. ரொட்டிக்கடை ஜிசெல்லா காஞ்ச ரொட்டியெல்லாம் கொண்டுபோய்த் தலைவர் மேஜையில டொக்குன்னு போட்டா. "இந்தாங்க, நீங்களே கடிங்க!"

தலைவர் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்க, பசங்க தங்கியிருந்த பக்கத்து ஊர் மரத்தடிக்கு வில்பர்ட்டையும் கூட்டிட்டு வந்தார். "திரும்பி வாங்கப்பா."

"இனிமே ஒருத்தன் தப்புக்கு இன்னொருத்தனைப் புடிக்கக் கூடாது,"ன்னான் ரெய்னர்.

"சரிப்பா, சரி!"

ரெய்னர் வில்பர்ட்டைக் கட்டிக்கிட்டு அழுதான், சிரிச்சான். ஊருக்குள்ள நுழையும்போது ஜிசெல்லா மறிச்சா. "என் மகளுக்குக் கால் உடைஞ்சு கோணலாச் சேர்ந்துடுச்சு. அது ஏன்னு உங்க படிப்புல இருக்கா?"

"நாங்க சட்டம் மட்டும்தான்மா,"ன்னார் வாத்தியார்.

"அப்போ அதையும் படிப்போமே!"ன்னான் ரெய்னர். தேடிப் போய் ஒரு வைத்தியரைக் கூட்டிட்டு வந்தான். அப்புறம் நட்சத்திரம், எலும்பு, பூச்சின்னு ஒவ்வொண்ணா படிப்புக்குள்ளே வந்துச்சு. பொம்பளைப் பிள்ளைங்க படிக்க வர்றதுக்குத்தான் ரொம்ப ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனா அன்னிக்கு, வைத்தியர் பாடம் ஆரம்பிச்சதும், ஜிசெல்லா மகளை இடுப்புல தூக்கிட்டு வந்து வெளியே ஜன்னலோரம் நின்னா. ரெய்னர் எழுந்து ஜன்னலை அகலத் திறந்து விட்டான்.

அவங்க படிக்கட்டும். கதை இத்தோட சரி, நீ தூங்குடி தங்கம்.