ஒன்றுகூட இல்லாத காசு

பூசணிப்பட்டியில் அறிவுக்குக் குறைவே கிடையாது. யாரும் அதை எடுத்துச் செலவழிக்காததால் இருந்தது அப்படியே இருந்தது. அந்த ஊர்ச் சடையாண்டி, கூரையில் எலி ஓடுகிறது என்று கூரையையே பிரித்துப் போட்ட கெட்டிக்காரன். எலி பக்கத்து வீட்டுக்குப் போனது. மனைவி மாராயி அப்பா வீட்டுக்குப் போனாள். எலியாவது அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்தது.

கூரை போட்டு முடித்தபிறகு வந்து கூப்பிட்டால் போதும் என்பது மாராயி சொல்லிவிட்டுப் போன வார்த்தை. சடையாண்டிக்குக் கூரை இல்லாதது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, காற்றோட்டமாகத்தான் இருந்தது. மாராயி இல்லாததுதான் பொறுக்கவில்லை. சோற்றைக் கண்டாலே அழுகை வந்தது, அதுவும் அவனே பொங்கிய சோறு.

கூட்டாளிகள் பொம்மையனும் நல்லகுட்டியும் கூரைக்குக் கால் நட வந்தார்கள். கால் வாங்கக் காசில்லை, ஓலை வாங்கவும் காசில்லை. குழியாவது தயாராக இருக்கட்டுமே என்று தோண்டினார்கள். மண்வெட்டியில் ஒரு மண்சட்டி தட்டுப்பட்டது. சட்டி நிறைய பழைய வெள்ளிக்காசு.

இது எவ்வளவு பெறும் என்பது யாருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் ஒரு காசை நீட்டி ஒரு டீ கேட்டார்கள். செல்லாது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். சடையாண்டிக்கு முகம் தொங்கிப்போனது. நல்லகுட்டிதான் தேற்றினான்.

"ஒரு டீக்குப் பெறாதுன்னுதானப்பா சொன்னாரு. ரெண்டு டீக்குப் பெறுமான்னு கேட்டுப் பாத்துருவோம்."

கேட்டார்கள். கடைக்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்ததால், டவுனில் விசாரிப்பதே நல்லது என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

டவுனில் பழைய காசு வாங்கி விற்கும் வேலாயுதம் என்பவர் சட்டியைக் கவிழ்த்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். நல்ல மனிதர், ஆனால் விளக்கமாகப் பேசும் கெட்ட பழக்கம் உண்டு. எல்லாம் ஒரே அச்சு, ஒரே வருஷம், வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்ன தொகையில் கூரை போட்டு, தின்பண்டம் வாங்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கும் போய் வந்திருக்கலாம். சடையாண்டி கையை நீட்டியும்விட்டான். அதோடு அந்த மனிதர் வாயை மூடியிருக்கக் கூடாதா?

"இந்தக் காசு ஊருக்கு ஊர் கெடக்கு, அதான் இந்த விலை. இதே காசு உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு வைங்க, நீங்க சொல்றதுதான் விலை."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டியை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

வழியில் பெரிய கண்மாய், தண்ணீர் தளும்பிக் கிடந்தது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் ஆழத்தில் வீசுவதாகத் தீர்மானம். பொம்மையன் எதையும் யோசித்துச் செய்கிறவன், சந்தேகம் கேட்டான்.

"மத்த ஊர்ல கெடக்குற காசை யாரு எறியுறது?"

"அவங்கவங்க ஊர்க் கண்மாய்ல அவங்கவங்க எறியட்டும். எல்லாத்தையும் நாமளே செய்ய முடியுமா?" என்றான் நல்லகுட்டி.

நியாயம்தானே. கை வலிக்க வலிக்க எறிந்தார்கள். கடைசிக் காசு சடையாண்டியின் உள்ளங்கையில் மினுங்கியது. மாராயி வந்துவிட்டாள் என்றே அவனுக்குத் தோன்றியது. அப்போது பொம்மையன் மறுபடியும் யோசித்தான்.

"ஏப்பா, நெறைய இருந்தா கம்மி விலை. ஒண்ணு இருந்தா சொன்ன விலை. ஒண்ணுமே இல்லாட்டி?"

சடையாண்டிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இவ்வளவு பெரிய லாபத்தை ஒரு காசுக்காக விடுவதா? கண்ணை மூடிக்கொண்டு அதையும் வீசினான்.

காலிச் சட்டியை இடுப்புத் துண்டில் பத்திரமாகக் கட்டிக்கொண்டு நேரே மாமனார் வீட்டுக்குப் போனான். கூரை போட்டாயிற்றா என்று மாராயி வாசலிலேயே மறித்தாள். அவன் அங்கே நின்றபடியே மாமனார் ரங்கமுத்துவிடம் சட்டியைத் திறந்து காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னான். அவர் உள்ளே வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணுகூடவா இல்ல, மாப்ள?"

"ஒண்ணுகூட இல்ல, மாமா."

ரங்கமுத்து தோளிலிருந்த துண்டை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இப்பேர்ப்பட்டவரை வாசலில் நிறுத்திப் பேசுகிறாயே என்று மகளை ஏசி, வீட்டிலிருந்த ஒரே குடையையும் கொடுத்து உடனே அனுப்பிவைத்தார். மாராயிக்கும் பெருமை தாங்கவில்லை. கூரையைப் பற்றி அதற்குப் பிறகு அவள் மூச்சே விடவில்லை.

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழ் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது, கொட்டோ கொட்டென்று கொட்டியது. இருவரும் தொப்பலாக நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மாராயி இருந்ததால் சடையாண்டிக்குக் குளிரே தெரியவில்லை. ஆசை மிகுந்து, குடையை மெல்ல அவள் தலைப்பக்கம் நகர்த்தினான். அவள் பதறிப்போய் அதைச் சட்டிக்கு மேலேயே இழுத்துப் பிடித்தாள்.

"நல்லாப் பிடிங்க. உள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் விலை கொறஞ்சிரும்."