லுபியில் லுபி விழுந்த கதை

ஆனி மாதம் 12, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மோருக்கு ‘லுபி’ என்று சென்ற மாதமே பெயர் வைத்திருக்கிறேன். அதை மறந்து, இன்று கொசுவுக்கும் ‘லுபி’ என்றே வைத்துவிட்டேன். பழைய பட்டியலைப் பார்க்காதது என் பிழைதான். இந்த வேலைக்கு நான் தகுந்தவன்தானா என்று தெரியவில்லை.

இப்படி ஓர் ஓலையில் எழுதி வைத்தவன் பெயர் ஏகாம்பன். முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் பக்கத்து நாட்டார் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நாம் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், கோப்பெருநம்பி என்ற மன்னரின் அவையில் அவன் விகடகவியாக இருந்தான்.

வயது இருபத்து நான்கு. பகலெல்லாம் அவன் வாயைத் திறந்தால் அவை சிரிக்கும். தும்மினால்கூடச் சிரிக்கும். மாலையானால், அரண்மனை எழுத்தர்களுக்கு நடக்கும் இலக்கண வகுப்பில் கடைசிப் பாயில் போய் உட்கார்ந்துகொள்வான். அங்கே வேற்றுமை உருபு படித்துக்கொண்டிருந்த ஒருநாள், யாரும் சிரிக்காத சொற்கள் கொஞ்சம் தனக்கென்று இருந்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. அன்று தொடங்கினான். நாளுக்கு ஒரு சொல், சில நாள் அதுவும் வராது. மூன்று ஆண்டில் எழுநூற்றுப் பதினொரு சொற்கள் சேர்ந்தன. சேர்த்த சொற்களை ஒரு சுவடியில் எழுதி, அன்றன்று செய்த பிழைகளையும் தேதி போட்டு எழுதி வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களே!

அந்த அவையில் சாரங்கபாணிப் பண்டிதர் என்று ஒருவர் இருந்தார். பதினெட்டு பாஷை அறிந்தவர். வெளிநாட்டுத் தூதர் வந்தால் மொழிபெயர்ப்பது அவர் வேலை. ஒருமுறை தூதர் அரை நாழிகை பேசியதைப் பண்டிதர் இரண்டு நாழிகை மொழிபெயர்த்தார். “பிரபு, இந்நேரம் தூதர் ஊர்போய்ச் சேர்ந்து குளித்தே முடித்திருப்பார்” என்றான் ஏகாம்பன். மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு பண்டிதரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஏகாம்பன் தன் சொற்களில் எழுதிய வேறோர் ஓலையைப் பாயில் தவறவிட்டான். அது பண்டிதர் கையில் கிடைத்தது. அவர் காவலர் தலைவனிடம் போய் முறையிட்டார். மறுநாள் காலை, காவலர்கள் ஏகாம்பன் வீட்டுக்கு வந்து சுவடியைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, அவனையும் அவைக்கு அழைத்துப் போனார்கள்.

பண்டிதர் ஓலையை உயர்த்திப் பிடித்தார்.

“அரசே, கேட்டருள வேண்டும். ‘லுபிமோ லுபி தவே. ஞம் சுரு.’ இது வடக்கு மலைக்கு அப்பால் பகைவர் பேசும் பாஷை. ‘கோட்டைக்குள் படை இறங்கும். நாடு நமதே’ என்பது இதன் பொருள். தங்கள் உப்பைத் தின்கிற விகடகவி ஓர் ஒற்றன்!”

அவை திடுக்கிட்டது. மன்னரின் முகம் கறுத்தது.

“ஏகாம்பா, உன்னைப் பேசவிட்டால் அவையைச் சிரிக்கவைத்துத் தப்பித்துவிடுவாய். ஆகவே உனக்காக நீ ஒரு சொல்லும் பேசக்கூடாது. பொழுது சாய்வதற்குள் உன்மேல் குற்றமில்லை என்று விளங்கவேண்டும். இல்லையென்றால் சுவடி அடுப்புக்கு, நீ எல்லைக்கு.”

ஏகாம்பன் முத்திரையிட்ட கட்டைப் பார்த்தான். எல்லைக்குப் போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அடுப்பைத்தான் தாங்க முடியவில்லை. மூன்று ஆண்டு உழைப்பு, ஒரு வேளைச் சோறு வேகக்கூடக் காணாது.

மெல்லக் கைகூப்பினான். “பிரபு, எனக்காக நான் பேசவில்லை. பண்டிதருக்காகப் பேசலாமா?”

“பண்டிதருக்காகவா? பேசு.”

“இப்படிப்பட்ட அரிய பாஷை அறிந்தவர் நம் அவையிலேயே இருக்கிறார். அந்தப் புலமையை அவையோர் முழுதும் காணவேண்டாமா? தாங்களே சில சொற்களைக் கேளுங்கள். அவையெழுத்தர் குறித்துக்கொள்ளட்டும்.”

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது. “தாராளமாக! இந்தப் பாஷையில் எனக்குத் தெரியாத சொல் இல்லை.”

மன்னருக்கும் ஆவல் பிறந்தது. “யானைக்கு என்ன?” “காம்பூ.” “விளக்குக்கு?” “சிலிரி.” “குடைக்கு?” “பட்ஜோ.” “என் மீசைக்கு?” “முர்முர், அரசே!” இப்படி முப்பது சொற்கள். பண்டிதர் வாயிலிருந்து அருவியாகக் கொட்டின. எழுத்தரின் எழுத்தாணி கீச்சிட்டது.

“இனி அதே சொற்களை மறுபடியும் கேட்டருளுங்கள், பிரபு” என்றான் ஏகாம்பன்.

மன்னர் கேட்டார். “யானை?”

பண்டிதர் கூரையைப் பார்த்தார். “தொ... தொப்பலூ.”

“காம்பூ என்று இருக்கிறது” என்றார் எழுத்தர்.

“அது ஆண் யானை. இது பெண் யானை.”

“விளக்கு?”

“மினுக்கோ.”

“சிலிரி என்று இருக்கிறது.”

“அது ஏற்றிய விளக்கு. இது ஏற்றாதது.”

“சரி, என் மீசை?”

பண்டிதரின் நெற்றியில் வியர்வை ஓடியது. “கர்... கர்புர்.”

“ஏன் பண்டிதரே, என் மீசையில் எது ஆண், எது பெண்?”

அவை கொல்லென்று சிரித்தது. ஆனால் பண்டிதர் லேசுப்பட்டவர் அல்லர்.

“அரசே, என்னைச் சோதித்தீர்கள். அவனையும் சோதியுங்கள். இந்த ஓலைக்கு அவன் சொல்லும் பொருள்தான் என்ன?”

“படி, ஏகாம்பா. இது என் கட்டளை.”

ஏகாம்பனின் காது சிவந்தது. “‘மோரில் கொசு விழுந்தது. நான் குடித்துவிட்டேன்.’ இது பகைவர் பாஷை அல்ல, பிரபு. நானே உண்டாக்கியது.”

ஒருவர் இருவர் சிரிக்கத் தொடங்கினார்கள். பண்டிதர் பாய்ந்தார். “பிடித்துக்கொண்டேன்! மோரும் லுபி, கொசுவும் லுபியா? எந்த மடையன் இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பான்? நான் யானையை மாற்றிச் சொன்னதால் பொய்யன் என்றால், இவனும் பொய்யன்தானே? இந்த நிமிடம் வாயில் வந்ததைச் சொல்கிறான்!”

சிரிப்பு நின்றது. மன்னர் புருவத்தை நெரித்தார். “பண்டிதர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.”

ஏகாம்பன் முத்திரையிட்ட கட்டைத் திரும்பிப் பார்த்தான். விடை அதற்குள்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் தனக்காகப் பேசியதாகிவிடும். ஒரு கணம் யோசித்தான். பிறகு நிமிர்ந்தான்.

“பிரபு, எனக்காக நான் பேசக்கூடாது. எனக்கு எதிராகப் பேசலாமா?”

மன்னர் வியந்தார். “அதற்குத் தடையில்லை.”

“பண்டிதர் சொன்ன மடையன் நான்தான். பட்டியலைப் பார்க்காமல் பெயர் வைத்த குற்றவாளி. அந்தக் குற்றத்துக்குச் சாட்சி, முத்திரையிட்ட சுவடியின் கடைசி ஓலையில் இருக்கிறது. உடைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.”

காவலர் தலைவன் முத்திரையை உடைத்தான். எழுத்தர் உரக்கப் படித்தார். “‘ஆனி மாதம் 12, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மோருக்கு லுபி என்று சென்ற மாதமே...’”

கடைசி வரிவரை படித்து முடித்தார். நேற்றே எழுதி, இன்று காலையே கட்டப்பட்ட ஓலை அது. முதலில் மன்னரின் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார்.

“பண்டிதரே! கோட்டைக்குள் இறங்கிய உமது படை ஒரு கொசுவா? அதையும் இவன் குடித்தே விட்டான்! ஏகாம்பா, தன் பிழைக்குத் தேதி போட்டு வைக்கிற ஒற்றனை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. கேள், என்ன வேண்டும்?”

“வெற்று ஓலை கொஞ்சம், பிரபு. சுவடி தீரப் போகிறது.”

“ஆயிரம் ஓலையும் பொன்பூண் எழுத்தாணியும் தந்தேன். பண்டிதருக்குத் தண்டனை, இந்தப் பத்தொன்பதாவது பாஷையை உன்னிடம் முறையாகக் கற்றுக்கொள்வது. இன்று மாலையே தொடக்கம்!”

மாலையில் பண்டிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசிப் பாயில் வந்து உட்கார்ந்தார். ஓலைகளைப் புரட்டினார். ஓரிடத்தில் புருவம் உயர்ந்தது. மறுபடி புரட்டினார்.

“வேற்றுமை உருபெல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறாய்” என்று முணுமுணுத்தார். கையால் ஒரு கொசுவை விரட்டினார். “இதோ பார். லுபி மோருக்கே இருக்கட்டும். கொசுவுக்கு ‘ஙீ’ என்று வையேன். காதோரம் வந்து அது அப்படித்தானே பாடுகிறது?”

ஏகாம்பன் சிரிக்கவில்லை. புது எழுத்தாணியை எடுத்தான்.

ஆனி மாதம் 13, வெள்ளி. கொசுவுக்கு ‘ஙீ’. சொன்னவர் சாரங்கபாணிப் பண்டிதர். என் சுவடியில் நான் வைக்காத முதல் சொல். நாளைய வேலை: பட்டியலில் ‘ஙீ’ வேறு எதற்கும் இருக்கிறதா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும். ‘நாம்’ என்பதற்கு இதுவரை தேவைப்படாததால் சொல் வைக்கவில்லை. அதை வைக்க வேண்டும்.