ராஜாவின் இலையில் இருந்தது என்ன?

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு வயிறு சரியில்லை என்றால் நாட்டுக்கே ஆகாது என்றிருந்த காலத்தில், ஒரு ராஜ்யத்தில் திடீரென்று ரசம் கெட்டுப்போனது. இன்றைக்கு உப்பில்லை, நாளைக்குப் புளியில்லை. சமைத்தவர் யார் தெரியுமா? இருபத்திரண்டு வருஷமாக அரண்மனை அடுப்பை ஆண்ட திருமேனி! ராஜா கேட்டுப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், மோதிரம்கூடக் கொடுத்துப் பார்த்தார். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர, குழம்பு தேறவில்லை.

அந்தச் சபையில் மருதக்குட்டி என்றொரு விகடன். எதிரே நிற்பவனின் முகம் சுண்டினாலே மனசு தெரிந்துவிடும் அவனுக்கு. அதனால் ராஜாவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அதனாலேயே அரண்மனை அதிகாரி கங்காதரருக்கு அவனைக் கண்டால் ஆகாது. கொஞ்ச நாளுக்கு முன்னால் ராஜாவை இலையை விட்டுத் தங்கத் தட்டில் சாப்பிட வைத்துப் பெயர் வாங்கியவர் இந்தக் கங்காதரர்தான்.

அவர் எழுந்தார். "மகாராஜா, மனசைப் படிக்கிற மருதக்குட்டியே இதைச் சரிசெய்யட்டும். ஆனால் திருமேனியிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரு பொருளும் கொடுக்கக்கூடாது. ஆள்மூலம் சேதியும் சொல்லக்கூடாது."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாளை இரவுச் சாப்பாடு பழைய ருசியோடு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சமையல்காரரும் விகடனும் சேர்ந்தே எல்லையைத் தாண்டட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

மருதக்குட்டி அன்றிரவே சமையல்கட்டு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். பந்தி முடிந்து காவலர்களும் கணக்கர்களும் சாப்பிட்ட, நுனியில்லாத வாழை ஏடுகள் கொல்லைக்கு வந்தன. திருமேனி வாசற்படியில் நின்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். வழித்துச் சாப்பிட்ட ஏட்டைக் கண்டால் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. பிறகு ராஜா சாப்பிடும் கூடத்துப் பக்கம் கழுத்தை நீட்டினார். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. கரண்டியைப் பொத்தென்று போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மருதக்குட்டிக்குப் பொறி தட்டியது! தங்கத் தட்டை உள்ளேயே கழுவிவிடுகிறார்கள். ராஜா சாப்பிட்டாரா, ஒதுக்கினாரா, இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? கை கெடவில்லை, மனசுதான் வாடிக் கிடக்கிறது.

மறுநாள் விடிந்ததும் ராஜாவிடம் ஓடினான். ருசி போன காரணம் மலை உச்சியில் ஏறினால் விளங்கும், பல்லக்கு கூடாது என்றான். ராஜா ஏறினார். உச்சியில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. வேறு பாதை என்று சுற்றவிட்டு, உச்சிவெயில் சாய்ந்தபிறகுதான் அரண்மனைக்குக் கூட்டிவந்தான். ராஜாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தட்டு எங்கே என்றார். அதை மருதக்குட்டி காலையிலேயே புளி போட்டுத் துலக்கக் கொடுத்திருந்தான்.

"எதிலாவது போடுங்களய்யா!" என்றார் ராஜா.

நுனியோடு பெரிய தலைவாழை இலை விழுந்தது. உப்பில்லாத குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். இலையை வழித்து, தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்.

இலை கொல்லைக்குப் போனது. ராஜாவைத் தவிர யாருக்கும் அங்கே தலைவாழை போடுவதில்லை. திருமேனி அதைப் பிரித்தார்.

"ஒரு பருக்கைகூட விடலியே... என் ராஜா ஒரு பருக்கைகூட விடலியே" என்று அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார் பாருங்கள், அடுப்பு நான்கும் ஒரே நேரத்தில் எரிந்தன!

விளக்கு வைத்ததும் மறுபடி தலைவாழை இலை போட்டு, மிளகு ரசம் வந்தது. ஒரு வாய் வைத்த ராஜா கண்ணை மூடிக்கொண்டார். திறக்க வெகுநேரம் ஆயிற்று.

கங்காதரர் துள்ளினார். மருதக்குட்டி இலையின்மூலம் சேதி அனுப்பிவிட்டான், இது மோசடி என்றார்.

"மகாராஜா, அந்த இலையில் என்ன இருந்ததென்று அதிகாரியையே கேளுங்கள்" என்றான் மருதக்குட்டி.

"ஒன்றுமே இல்லை" என்றார் கங்காதரர் கோபமாக.

"அந்த ஒன்றுமில்லாததைத்தான் திருமேனி பார்த்தார். நான் வேறென்ன அனுப்பினேன்?"

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. தன்னைப் பட்டினி போட்ட சூழ்ச்சியும் சேர்ந்தே புரிந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, வழித்துச் சாப்பிட்ட தன் இலையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் திருமேனியிடம் காட்டினார்.

தங்கத் தட்டு மருதக்குட்டிக்குப் பரிசாக வந்தது. ஆனால் அவன் வீட்டில் யாரும் அதில் சாப்பிட்டதில்லை. அவன் மனைவி அதில் வடகம் காயவைத்தாள். அவனுக்குப் பரிமாறியதெல்லாம் இலையில்தான். சாப்பிட்டு முடித்ததும் முதல் வேலையாக அதை எட்டிப் பார்ப்பாள்.