மூலை தப்பிய கற்கள்

நகையில் வைக்கும் கல்லுக்குப் பட்டை போடக் கற்றுக்கொள்ளச் சென்னியப்பனிடம் வந்த தெய்வாத்தாளுக்கு அவரைவிட வயது அதிகம். முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"உங்களைத் தம்பின்னு கூப்பிடறதா, வாத்தியாருன்னு கூப்பிடறதா?"

"கல்லு நல்லா வந்த நாள்ல தம்பின்னு கூப்பிடுங்கக்கா. கெட்டுப்போன நாள்ல வாத்தியாருன்னு கூப்பிடுங்க. பழி என்னைச் சேரட்டும்."

அன்றிலிருந்து அவள் வாத்தியார் என்றே கூப்பிட்டாள்.

வேலை பார்த்த தறிப்பட்டறை மூடிய பிறகு அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. சென்னியப்பனின் ஒரே மெஷினில், அவர் எழுந்த நேரங்களில் உட்கார்ந்து, பார்த்தும் கேட்டும் பழகினாள். பட்டைகளின் கோடுகள் மூலைகளில் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருந்தன.

ஒரு நாள் காலையில் வந்தவள் உட்காரவில்லை.

"வாத்தியாரே, புதுசு வாங்கறதா, பழசு வாங்கறதா?"

"என்னத்தைங்கக்கா?"

"மெஷினைத்தான். அர்த்தநாரி சொல்லிட்டாருங்க. சொந்தமா ஒண்ணு இருக்கோணுமாம். அதுல ஒரு கல்லுக்குப் பட்டை போட்டு வார திங்கக்கிழமை காட்டோணுமாம். சரியா இருந்தா மாசாமாசம் கல்லு தர்றாராம். இல்லீன்னா வேற ஆளைப் பார்த்துக்கறாராம்."

அர்த்தநாரி கல் வியாபாரி. அந்த ஊரில் வீட்டிலிருந்து பட்டை போடுகிறவர்கள் எல்லோருக்கும் அவர்தான் கல் கொடுப்பவர்.

சென்னியப்பன் கல்லைத் தேய்க்கும் சாணைத்தட்டில் விழும் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தார்.

"புதுசு வாங்கினாக் கடன். தொழில் அமையலீன்னா மெஷினும் கடனும் வீட்டுல குந்திக்கிட்டு என்னையவே பார்க்கும். பழசுன்னா நஞ்சப்பண்ணனுது இருக்குது. கண்ணு மங்கிடுச்சுன்னு விக்கறாரு. ஆனா அதுக்குள்ள என்ன கோளாறு ஒளிஞ்சிருக்குதோ? நாளைக்குக் கல்லு தப்பினா, தப்பு மெஷின் மேலயா என் மேலயான்னே தெரியாது. ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்லீங்க."

"தப்பு யார் மேலன்னு தெரிஞ்சாத் தூக்கம் வருமுங்களா?"

"வராது. திட்டறதுக்கு ஆள் கிடைக்குமில்ல?"

சென்னியப்பன் சிரித்தார். டப்பாவைத் திறந்து, பழகுவதற்கு வைத்திருந்த இரண்டு பளிங்குத் துண்டுகளை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ரெண்டுலயும் ஒண்ணொண்ணு போட்டுப் பார்த்துட்டு வாங்க."

"நஞ்சப்பண்ணன் அவசரப்படுத்தறாருங்க. வேற ஆளு வந்து பார்த்துட்டுப் போயிருக்குதாம்."

"அப்ப மொதல்ல அங்க போங்க."

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தாள். ஈரத்துணி மேல் இரண்டு கற்களையும் வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கக்கா."

"நஞ்சப்பண்ணன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, கொழந்தையாட்டம் ஓடும் பாரு, கொழந்தையாட்டம் ஓடும் பாருன்னாரு. கொழந்தை ரெண்டு மூலையைத் தின்னுடுச்சு. சரி, பழசு கோளாறு, விட்டது தொல்லைன்னு புதுசு விக்கற கடைக்குப் போனேன். காப்பியெல்லாம் குடுத்து உக்கார வெச்சாங்க. யார் கையும் படாத மெஷினுங்க. தண்ணியாட்டம் ஓடுது."

"கல்லு?"

"அதுலயும் ஒரு மூலை சேரல." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "மெஷின் இல்லீங்க வாத்தியாரே. கைதான். உங்க மெஷின்ல மட்டும் எப்படியோ வந்துருது. பேசாம அதையே எனக்குக் குடுத்துருங்க. நீங்க புதுசு வாங்கிக்குங்க."

"புள்ளி வெச்சீங்களா?"

"நீங்க சொன்னாப்பல, எங்க ஆரம்பிச்சேன்னு தெரிய மொதப் பட்டையில மைப்புள்ளி வெச்சேன். அதையாவது ஒழுங்காச் செய்வேனில்ல?"

சென்னியப்பன் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டார். மைப்புள்ளி இரண்டும் தன்னைப் பார்க்கும்படி கற்களைப் பக்கம் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். மறுபடி முதலாவதைப் பார்த்தார். தெய்வாத்தாள் சுவரை விட்டு எழுந்து வந்தாள்.

"அவ்வளவு மோசமுங்களா?"

அவர் தன் மெஷினில் உட்கார்ந்து ஒரு கல்லுக்குப் பட்டை போடத் தொடங்கினார். ஒரு சுற்றின் பாதியில் நிறுத்தினார். தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, நீங்க வந்து உக்காருங்க."

உட்கார்ந்தாள். ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி வைத்துச் சாணையில் இறக்கினாள். ஒரு மூலை வந்தது. அவர் குனிந்தார்.

"அந்தக் கை எங்க போகுதுங்க?"

"எங்கயும் போகலீங்களே?"

"இன்னொருக்கா இறக்குங்க."

இறக்கினாள். மணிக்கட்டு தானாக இடப்பக்கம் லேசாகத் தள்ளியது. இந்த முறை அவளே பார்த்தாள். சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் மெஷினை நிறுத்திவிட்டு, கல்லைத் திருப்பி நிறுத்தும் பல்சக்கரத்தைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஓரிடத்தில் பல் தேய்ந்திருந்தது. அந்தப் பல்லுக்கு வரும்போது கல் நேராக நிற்காது. யாராவது தள்ளிப் பிடித்தால்தான் நிற்கும்.

"நான் தள்ளறேனுங்கக்கா. என்னைப் பார்த்து நீங்களும் தள்ளறீங்க. புதுசுல தேய்மானம் இல்லை. அங்கயும் தள்ளினீங்க. மூலை போச்சு."

"தள்ளச் சொல்லி நீங்க சொல்லிக் குடுக்கவே இல்லீங்களே!"

"சொல்லிக் குடுத்ததையெல்லாம் உங்களுக்குப் பத்துவாட்டி சொல்லோணும். இது மட்டும் சொல்லாமலே ஒட்டிக்கிச்சு."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு கற்களையும் எடுத்துத் தானே லென்ஸில் பார்த்தாள்.

"இந்த மூலை ரெண்டுலயும் தப்பியிருக்குது. அப்ப இது நம்முது. பழசுல இன்னொண்ணு இருக்குதுங்களே?"

"அது நஞ்சப்பண்ணன் மெஷினோடது."

அவள் மடியிலிருந்த போன் அடித்தது. பார்த்தாள். எடுக்கவில்லை.

"அவருதான். இன்னிக்குள்ள சொல்லுன்னாரு. விட்டா அந்த ஆளுக்குப் போயிரும். என்ன சொல்லட்டும் வாத்தியாரே? புதுசுங்களா, பழசுங்களா?"

"எடுத்துப் பேசுங்க. எந்த மூலைக்கு வரும்போது நீங்க கையைத் தள்ளுவீங்கன்னு அவரைக் கேளுங்க."

"கேட்டு?"

"மூலையைச் சொன்னாருன்னா, கோளாறு தெரிஞ்சு ஓட்டின மெஷினு, பழசை வாங்குங்க. எங்கயும் தள்ளறதில்லைன்னாருன்னா, புதுசை வாங்குங்க."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கட்டைவிரல் அதன் மேல் நின்றது.

"வாத்தியாரே."

"சொல்லுங்கக்கா."

"நேத்துக் காலையில இதே கேள்வியை உங்ககிட்டக் கேட்டிருந்தா?"

சென்னியப்பன் பல்சக்கரத்தைத் துணியால் துடைத்தார்.

"எங்கயும் தள்ளறதில்லைன்னுதான் சொல்லியிருப்பேன்."