அரசியின் குரலில் பேசிய கிளி

கேளுங்கள். காட்டுக்கும் ஊருக்கும் நடுவே யாரும் வேலி போடாத காலம் அது. கருங்கானம் என்றொரு சின்ன மலைநாடு இருந்தது. அதை வில்லவராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

நல்ல அரசன்தான். ஏரி உடைந்தால் மக்களோடு சேர்ந்து மண் சுமப்பான். வாசலில் ஒருவன் பசியோடு நின்றால் தான் உண்ண உட்கார மாட்டான். பொய் சொல்லி அகப்பட்டவனையும் ஒரு முறை மன்னித்து அனுப்புவான். ஆனால் மனைவி அல்லியங்கோதையின் குரல் காதில் விழாவிட்டால் அவனுக்குப் பொழுதே நகராது.

அல்லியங்கோதை ஒரு பச்சைக்கிளி வளர்த்தாள். அவளுடைய திருமணத்தன்று வேம்பன் என்ற பறவை பிடிப்பவன் கொண்டுவந்து கொடுத்தது. ஆலமரப் பொந்திலிருந்து, இறகு முளைக்கும் முன்பே எடுத்த குஞ்சு. பொந்தில் மூன்று குஞ்சுகள் இருந்தன. ஒன்று மரத்தைவிட்டு இறங்கும்போதே செத்தது. இன்னொன்று வழியில் செத்தது. இது ஒன்றுதான் பிழைத்தது. வேம்பன் அதைச் சொல்லவில்லை. அரசியும் கேட்கவில்லை. சிறகு நறுக்கி, கூண்டில் வைத்து, பால்சோறு ஊட்டி அன்பாகத்தான் வளர்த்தாள்.

சில ஆண்டுகள் கழித்து அரசி கருவுற்றாள். பேறு எளிதாக இல்லை. மூன்று நாள் துடித்தாள். கிளிக்கூண்டு அந்த அறைச் சன்னலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பகலில் பெண் குழந்தை பிறந்தது. தாதி மாசாத்தி குழந்தையைக் குளிப்பாட்டப் பக்கத்து அறைக்குத் தூக்கிப்போனாள். இங்கே அரசிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை.

"தண்ணி கொடுங்க" என்றாள் அரசி. கொடுத்தார்கள்.

"கதவைத் திறங்க" என்றாள். திறந்தார்கள்.

"குழந்தை எங்கே?" என்றாள். மாசாத்தி குழந்தையோடு ஓடி வருவதற்குள் அவள் கண் மூடிவிட்டது.

அரசன் மூன்று நாள் உண்ணவில்லை. நான்காம் நாள் மதியம் அந்த அறையின் வழியே போனான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தண்ணி கொடுங்க."

அவனுக்கு உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. அதே குரல். அதே இழுவை. சொல்லின் முடிவில் மூச்சு அறுந்துபோகும் அந்த ஓசைகூட அப்படியே இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போனான். கட்டில் காலியாக இருந்தது. சன்னலில் கிளி ஒரு காலை மடக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது.

"கதவைத் திறங்க" என்றது. "குழந்தை எங்கே?" என்றது.

அரசன் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். மாலைவரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வேம்பனைக் கூப்பிட்டனுப்பினான். "இந்தக் கிளி இந்தக் குரலை எத்தனை நாள் வைத்திருக்கும்?" என்று கேட்டான்.

வேம்பன் பேச்சை அளந்து பேசத் தெரியாதவன். "கிளி முப்பது வயசுவரைகூட இருக்கும் அரசே. ஆனா புதுசா ஒண்ணு கேட்டா பழசை விட்டுடும். நாய் குரைச்சா நாய்க் குரல், மணி அடிச்சா மணிச் சத்தம். அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றான்.

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அந்த ஒரு பேச்சால் என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியாது.

முதலில் அரண்மனை மணிகளின் நாக்கைக் கழற்றினார்கள். அடுத்து, சேவல்களையும் நாய்களையும் ஆற்றுக்கு அப்பால் ஓட்டினார்கள். மூன்றாவதாக, கோட்டைச் சுவருக்குள் யாரும் வாய்திறந்து பேசக் கூடாது என்று ஆணை வந்தது. சமையற்காரர்கள் கையால் பேசிக்கொண்டார்கள். காவலர்கள் வேல் கம்பின் அடியில் துணி சுற்றினார்கள். மாவு இடிக்கும்போது தம்மை மறந்து பாடிய இரண்டு பெண்களை அன்றைக்கே கோட்டைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் முதலில் அந்த அமைதியைப் பார்த்து வியந்தார்கள். ஒரு நாள் தங்கினால் போதும், காது வலிக்கிறது என்று எழுந்து போனார்கள்.

அந்த அமைதியின் நடுவே, நாளுக்கு மூன்று முறை, செத்துப்போனவள் தண்ணீர் கேட்டாள்.

குழந்தை அடுத்த அறையில் வளர்ந்தது. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவரும் ஒரு கதவும்தான். அந்த அறைக்கு வெளிக்கதவும் ஒன்று உண்டு. திறந்தால் கீல் சத்தம் போடும் என்று அதைப் பூட்டிவிட்டார்கள். உணவைச் சுவரிலிருந்த சின்னத் திறப்பின் வழியாக வைத்தார்கள்.

குழந்தை அழ வாயெடுத்தால் மாசாத்தி உள்ளங்கையால் பொத்துவாள். பொத்தும்போது அவளுக்குக் கண்ணீர் வரும். நாளாக ஆக, குழந்தை அவள் கை வாயருகே வருவதற்கு முன்பே நிறுத்திக்கொண்டது. பிறகு சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டது. வாய் கோணும், கண்ணில் நீர் வழியும், ஓசை மட்டும் வராது.

வெளிக்கதவைப் பூட்டுவதற்கு முன்பு ஒருநாள் மாசாத்தி தாங்கமுடியாமல் அரசனைத் தோட்டத்தின் கடைக்கோடியில் நிறுத்தி, காலில் விழுந்து கிசுகிசுத்தாள்.

"ஐயா, குழந்தையை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க நாலு பிள்ளைங்களோட வளரட்டும். இங்க இருந்தா இது ஆளாகாது."

"அவள் தினமும் குழந்தை எங்கே என்று கேட்கிறாள் மாசாத்தி. நீ கூட்டிக்கொண்டு போய்விட்டால் நான் அவளுக்கு என்ன பதில் சொல்வது?" என்றான் அரசன்.

மாசாத்தி அவன் கண்களைப் பார்த்தாள். பெண்ணுக்குப் பெயர்கூட அவன் இன்னும் வைக்கவில்லை என்பதை அவனிடம் சொல்ல நினைத்து, சொல்லாமலே திரும்பினாள்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. சன்னலுக்கு எதிரே இருந்த நாவல் மரத்துக்கு மாலைதோறும் காட்டுக் கிளிகள் வரும். அவை கீச்சென்று கூப்பிடும். கூண்டுக் கிளி கம்பியைக் கவ்விக்கொண்டு, அதே கீச்சுக் குரலில் பதில் சொல்லும். ஒருநாள் மாலை அப்படிப் பதில் சொன்ன கிளி, அரசியின் பேச்சைப் பேசவே இல்லை. அரசன் நடுங்கிப்போனான்.

வேம்பனை வரவழைத்து வலை விரிக்கச் சொன்னான். வேம்பன் முதல் நாள் நாற்பது கிளிகளைப் பிடித்தான். இரண்டாம் நாள் பதினேழு. மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று வந்தது. வலை விரித்திருப்பதைப் பார்த்தபின்னும் அது வந்து உட்கார்ந்தது. வேம்பன் அதைப் பிடிக்கவில்லை. முன்பு ஆலமரப் பொந்திலிருந்து தான் எடுத்த குஞ்சுகளின் தாயாக இருக்குமோ என்று அவனுக்கு ஓர் எண்ணம். அப்படியிருக்க வழியில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அவன் கை எழவில்லை. அரசன் ஆள் அனுப்பி மரத்தை வெட்டிவிட்டான்.

அதன்பிறகு கூண்டுக் கிளி தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கியது. நெஞ்சு, தொடை, கழுத்து என்று ஒவ்வோர் இடமாக. சதை தெரிய, உரித்த கோழிக்குஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆனால் பேச்சு மாறவில்லை. அந்த வெற்றுடம்பிலிருந்து அல்லியங்கோதையின் குரல் வரும். அரசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கண்ணை மூடிக்கொள்வது அவனுக்குப் பழகிப்போயிற்று.

இப்படி நான்கு ஆண்டுகள் போயின.

ஒரு கோடையில் கிளி நோயில் படுத்தது. முதல் நாள் பேசவில்லை. அரசன் பழம் வைத்துப் பார்த்தான். இரண்டாம் நாள் பேசவில்லை. மருந்து அரைத்துப் புகட்டினான். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், அதன் கூண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது குரல் கேட்டது.

"தண்ணி கொடுங்க."

அரசனுக்கு உயிர் வந்தது. கிளியைப் பார்த்தான். அதன் அலகு மூடியிருந்தது. தலை சிறகுக்குள் புதைந்திருந்தது.

"கதவைத் திறங்க."

குரல் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பலகைச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து.

அவன் எழுந்தான். நடுக்கதவின் தாழை நீக்கினான்.

ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலை லேசாகத் தூக்கி, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, இமைக்காமல் அவனைப் பார்த்தாள்.

"நீ யார்?" என்றான் அரசன். நான்கு ஆண்டுகளில் அந்த அறையில் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"குழந்தை எங்கே?" என்றாள் சிறுமி, அல்லியங்கோதையின் குரலில்.

சொல்லின் முடிவில் மூச்சு அறுந்தது.

இந்த இடத்தில்தான் அரசனுக்குச் சோதனை வந்தது. அவன் மனதில் முதலில் என்ன எழுந்தது தெரியுமா? பயமில்லை. இரக்கமும் இல்லை. மகிழ்ச்சி. கிளி போனால் போகட்டும், இந்தக் குரல் என் காலம் முழுக்க என்னோடு இருக்கும் என்ற மகிழ்ச்சி.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்காரவைத்தான். முன்னால் மண்டியிட்டான். "இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

சிறுமி அவன் மேலாடையைப் பிடித்துத் தன் அறைப் பக்கமாக இழுத்தாள். "தண்ணி கொடுங்க" என்றாள்.

"ஆமாம், அப்படித்தான். இன்னொரு தடவை."

அவள் இன்னும் வேகமாக இழுத்தாள். கையை நீட்டி அறையைக் காட்டினாள். "கதவைத் திறங்க" என்றாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

மூன்றாம் முறை அவள் இழுக்கவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "குழந்தை எங்கே?" என்றாள். வாய் கோணியது. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் கொட்டியது. ஆனால் குரல் கொஞ்சமும் மாறவில்லை. அதில் அழுகை இல்லை. அந்த முகத்துக்கும் அந்தக் குரலுக்கும் ஒட்டே இல்லை.

அரசன் கண்ணை மூடப் பார்த்தான். இந்த முறை முடியவில்லை.

இவளுக்குத் தெரிந்த பேச்சு இந்த மூன்றுதான். எதையோ சொல்ல வந்திருக்கிறாள், அதைச் சொல்ல இவளிடம் சொல் இல்லை. இது அவனுக்கு விளங்கியது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினான்.

மாசாத்தி தரையில் கிடந்தாள். ஒரு கை மார்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கையால் தன் வாயைத் தானே பொத்தியிருந்தாள். உயிர் போகும் வலியிலும் அவள் சத்தம் போடவில்லை.

அரசன் பூட்டிய கதவை உதைத்து உடைத்தான். தொண்டை கிழிய வைத்தியரைக் கூப்பிட்டான். கோட்டையில் யாரும் அசையவில்லை. பேசக் கூடாது என்ற ஆணை இருக்க, கத்துவது யாரென்று அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் வைத்தியர் வந்து மாசாத்தியின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"உடம்பு இன்னும் சூடா இருக்கு. கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா பார்த்திருக்கலாம்" என்றார்.

அந்தக் கொஞ்ச நேரம் தான் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அரசனுக்குத் தெரியும். இறந்தவளின் வாய்மேலிருந்த கையை மெதுவாக எடுத்து, மார்பில் வைத்தான்.

மணிகளுக்கு நாக்கு மாட்டினார்கள். சேவல்கள் திரும்பி வந்தன. வேம்பன் கூண்டோடு கிளியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அது நோயிலிருந்து பிழைத்தது. நறுக்கிய சிறகு முளைத்தபின் மலைக்குத் தூக்கிப்போய்க் கூண்டைத் திறந்து வைத்தான். காட்டுக் கிளிகள் வந்து சுற்றிப் பார்த்தன. கூப்பிட்டன. அது பதில் சொல்லவில்லை. அவை பறந்து போய்விட்டன. கிளி வெளியே வந்து, புல்லில் நாலடி நடந்து, மறுபடி தானாகவே கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அது இருபது ஆண்டுகள் இருந்தது. மனிதப் பேச்சும் பேசவில்லை, கிளிப் பேச்சும் பேசவில்லை. வேம்பன் அதன்பிறகு ஒரு பொந்துக்குள்ளும் கை நுழைக்கவில்லை.

அரசன் மகளுக்கு மாசாத்தி என்று பெயர் வைத்தான். தாதியை வேறு எப்படி நினைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தினமும் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்கும் ஆற்றுத்துறைக்கும் போனான். அவள் மோர் விற்பவளின் குரலில் மோர் என்றாள். வண்டிக்காரன் குரலில் மாட்டை அதட்டினாள். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். எல்லாம் யாரோ ஒருவருடைய குரல். அவளுடைய குரல் எது என்று யாருக்கும் தெரியவில்லை. அரசன் விடாமல் அவளோடு பேசினான்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் கையைத் தள்ளினாள்.

"வேண்டாம்" என்றாள்.

கரகரத்த, சின்னக் குரல். கருங்கானத்தில் அதுவரை யாரும் கேட்டிராத குரல். அரசன் சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதான்.

பேச்சைக் கேட்கும் ஆசையில் ஒரு பறவையைக் கூண்டில் அடைத்தால், அதன் விலையை அந்தப் பறவையும் நம் வீட்டில் உயிரோடு இருப்பவர்களும் சேர்ந்தே கொடுக்க வேண்டியிருக்கும்.