வழுக்காத பலகை

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு குடில். அங்கிருந்த குருவுக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அம்மா. சீடர் தணிகாசலத்துக்கோ அறுபத்தாறு. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் பாலம் கட்டிய மனிதர், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார்.

அம்மாவுக்கு முட்டியில் வாதம். ஈரத் தரையில் உட்காரக் கூடாது, மேடுபள்ளத்தில் நடக்கக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குடிலுக்குப் பின்னால் இருந்த தோட்டம் அம்மா தன் கையால் வைத்தது. ஒரு நெல்லி, நாலு செம்பருத்தி, ஒரு பந்தல் நிறையப் பிச்சி. இரண்டு மாதமாக அதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெல்லிக்குக் கீழே ஒரு மரத்தளம் போட்டுடலாம்மா. பின்வாசப்படியிலேர்ந்து அப்படியே சமமா நடந்து போகலாம். ஒரு வாரத்து வேலை" என்றார் தணிகாசலம்.

வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்ததில் அறுபதாயிரம் சேர்ந்தது. அது ஆடி மாதம். இப்போது புரட்டாசி பாதி ஓடிவிட்டது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் அந்தக் களிமண்ணில் தளத்துக்கு ஒரு கால்கூட ஊன்ற முடியாது. பிறகு தை வரைக்கும் அம்மாவுக்கு ஜன்னல்தான்.

தளமோ இன்னும் காகிதத்தை விட்டு இறங்கவில்லை.

முதல் திட்டத்தில் வேங்கைப் பலகை, அடியில் கருங்கல் கால்கள், ஐம்பத்தெட்டாயிரம். கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து மனிதருக்கு நிம்மதி போய்விட்டது. வேங்கை ஈரத்தில் வழுக்குமோ? தேக்குக்கு மாற்றினார். தேக்கில் வரிவரியாகக் கீறச் சொன்னார். அதுவும் போதாதென்று மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகையைத் தேடி வேலூர் வரை போய்வந்தார். சுற்றிலும் இடுப்பளவு இரும்புக் கம்பி வந்தது. மேலே கூரை வந்தது. ஐந்தாவது திட்டம் மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தில் வந்து நின்றது.

அம்மா வரைபடத்தை மடியில் விரித்துப் பார்த்தார்.

"இன்ஜினியர் ஐயா, இதுல நான் எங்க இருக்கேன்?"

"நடுவுலம்மா. பத்திரமா."

"செம்பருத்தி?"

"கம்பிக்கு வெளியே."

"எனக்கு ஒரு பூ பறிக்கணும்னா?"

தணிகாசலம் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கை எட்டாது.

"மிருகக்காட்சி சாலையில புலிக்கு இப்படித்தான் கட்டியிருப்பாங்க" என்றார் அம்மா. "சரி, பணம்?"

"ஆம்பூர் வீட்டை வித்துடறேன்."

"உங்க வீட்டையா?"

"அது இனிமே எதுக்கும்மா?"

அம்மா திட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தார். "மாதிரிப் பலகை ஏதாவது வச்சிருக்கீங்களா?"

மூன்று வைத்திருந்தார். பின்வாசப்படிக்குக் கீழே வரிசையாகப் போட்டார்.

"தண்ணி ஊத்துங்க."

ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு ஒவ்வொரு பலகையையும் பாதத்தால் தேய்த்துப் பார்த்தார் தணிகாசலம். முகம் வாடிவிட்டது. "தேக்குகூட லேசா வழுக்குதும்மா. இன்னும் ஒரு கடை பாக்கி இருக்கு. திருப்பத்தூர்ல..."

"இந்தத் திட்டத்துல 'வழுக்காத'ன்னு பதினோரு இடத்துல எழுதியிருக்கீங்க" என்றார் அம்மா. "யார் விழுந்தாங்க?"

செம்பு தணிகாசலத்தின் கையிலேயே நின்றுவிட்டது.

"குணவல்லி" என்றார். "என் வீட்டுக்காரி."

செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார் தணிகாசலம்.

"குளியலறைக்கு நான்தான் டைல்ஸ் எடுத்தேன். சதுர அடிக்கு நாலு ரூபா குறைச்சல். பளபளன்னு இருந்துச்சு. வழுக்குங்கன்னு அவ சொன்னா. எனக்குத் தெரியாததான்னு கேட்டேன். இடுப்பெலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். மூணு மாசம் இருந்தா. அப்புறம் நெஞ்சுல சளி கட்டிப் போயிட்டா."

"அந்த மூணு மாசமும் யாரு குளிப்பாட்டினது?"

"நான்தான்."

"எங்க வச்சு?"

"அங்கதான். வேற இடம் ஏதும்மா?"

"டைல்ஸை மாத்திட்டீங்களா?"

"எங்க மாத்தறது? அவளை விட்டு நகர நேரம் ஏது?"

"மறுபடியும் விழுந்தாங்களா?"

"ஒரு நாளும் இல்ல."

"ஏன்?"

இதென்ன கேள்வி என்பதுபோல் நிமிர்ந்தார் தணிகாசலம். "நான்தான் பிடிச்சுக்கிட்டே இருந்தேனே..."

சொன்னவர் தான் சொன்னதைத் தானே கேட்டார். ஆறு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. பாலம் கட்டிய அந்தப் பெரிய மனிதர் வாசலில் நின்று தேம்பினார். அம்மா தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பிறகு அம்மா செருப்பைக் கழற்றினார். மூன்று பலகைகளில் நனைந்து அதிகமாக மினுங்கிக்கொண்டிருந்தது வேங்கைதான். அதன் பக்கமாக வந்து, படியில் நின்றபடி கையை நீட்டினார்.

தணிகாசலம் செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தார். அம்மா ஒரு காலை வைத்தார். பாதம் விரலளவு நழுவியது. பிடி இறுகியது. மறு காலையும் வைத்து நேராக நின்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெயில் அவர் முகத்தில் பட்டது. காற்றில் பிச்சிப் பூவின் வாசம் வந்தது. சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

இன்னொரு கையில் இருந்த திட்டத்தை அவரிடம் நீட்டினார்.

"கம்பியை எடுத்துடுங்க. கூரையையும். உங்க முதல் கணக்குப்படியே வேங்கையைப் போட்டுடுங்க."

"வேங்கை வழுக்குதேம்மா. இப்பதான பார்த்தோம்."

"பார்த்தேன்" என்றார் அம்மா. "நீங்க எங்கயாவது போகப் போறீங்களா?"