ஆமையும் வௌவாலும் கேட்ட தீர்ப்பு

மாசி மாதம், மாலை ஆறரை மணி. கடலோரம் ஒரு தோப்பில் மிஞ்சியிருந்த ஒரே புன்னை மரத்தில் பதினொரு பழந்தின்னி வௌவால்கள் தொங்கின. அவற்றில் மூத்தவள் பெயர் தொங்கி. அவள் மார்பை ஒரு குட்டி கவ்விக்கொண்டிருந்தது.

எதிரே, ஆழமில்லாத தண்ணீரில் ஆழி என்ற கடலாமை தலையை நீட்டிக் கரையைப் பார்த்தபடி கிடந்தாள். வயிறு நிறைய முட்டை. அன்று இரவே இட்டாக வேண்டும். பிறந்த நாளில் விட்டுப்போன அந்த மணலின் வாசம் அவளுக்கு மறக்கவே இல்லை. அதைத் தேடித்தான் இத்தனை தூரம் நீந்தி வந்தாள். மணல் இருந்தது. அதன்மேல் ஒரு விடுதியும் வரிசையாக விளக்குகளும் இருந்தன.

"ஏ ஓட்டுக்காரி, வந்த இடத்தில் என்ன யோசனை?" என்றாள் தொங்கி.

"இந்த வெளிச்சத்தில் பொரிந்தால், என் குஞ்சுகள் கடல் எது என்று தெரியாமல் விளக்கைப் பார்த்துப் போய்ச் செத்துவிடும். என்னைப் போல் பாவப்பட்டவள் உண்டா?"

"இதோ நான் இருக்கிறேனே! இங்கே ஒரு தோப்பே இருந்தது. பூ உதிர்ந்தால் மணல் தெரியாது. இப்போது இந்த ஒரு மரம். இதையும் நாளை வெட்டுகிறார்கள்."

"உனக்குத்தான் இறக்கை இருக்கிறதே. பறந்து போயேன், தலைகீழி!"

"எங்கே போவது? உனக்கென்ன, ஒரே இரவில் நூறு முட்டை. எனக்கு வருஷத்துக்கு ஒரே குட்டி."

"நூறில் பிழைப்பது ஒன்று. அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்!"

வளையிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. பஞ்சாயத்து என்றால் அதற்குப் பசிகூடத் தெரியாது. "சண்டை வேண்டாம். ஆளுக்கு ஒரு கஷ்டம் சொல்லுங்கள். யார் அதிகம் பாவம் என்று நான் தீர்ப்புச் சொல்கிறேன்."

தொங்கி முந்திக்கொண்டாள். "இரை தேடி ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் போகிறேன். கரை நெடுக ஒரு விளக்குக் கிடையாது. வெறும் மணல், இருட்டு. உட்கார ஒரு கிளை இல்லை."

ஆழி அதைக் காதில் வாங்கவில்லை. தன் கஷ்டங்களில் எதைச் சொன்னால் ஜெயிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"வரும் வழியில், கிழக்கே பக்கத்தில் ஒரு தீவு," என்று ஆரம்பித்தாள். "ஆள் நடமாட்டமே இல்லை. கரை முழுக்கப் புன்னை. உதிர்ந்த பழம் தண்ணீரை மூடி மிதக்கிறது. அதை விலக்கி நீந்துவதற்குள் உயிர் போய்விட்டது."

தொங்கியும் கேட்கவில்லை. குட்டியைக் காட்டி இரக்கம் தேட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நண்டு இரண்டையும் கேட்டது. ஆனால் அதனிடம் யாரும் வழி கேட்கவில்லை, தீர்ப்புத்தான் கேட்டார்கள். "ஆழிதான் அதிகம் பாவம்," என்று கொடுக்கை உயர்த்தியது.

"பார்த்தாயா!" என்றாள் ஆழி. தொங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருட்டியது. ஜெயித்த ஆமை விளக்குகளுக்குக் கீழே ஏறி, மணலைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பினாள். மறுநாள் புன்னை விழுந்தது. வௌவால்கள் மேற்கே, மரமில்லாத பொட்டலைப் பார்த்துப் பறந்தன.

சித்திரை ஒன்பதாம் தேதி இரவு முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் விடுதியை நோக்கி ஊர்ந்தன.

நீதி: யார் துயரம் பெரிது என்று போட்டி போடுகிறவர் காதில், அவர் பிழைக்கும் வழியையே பிறர் சொன்னாலும் விழாது.